ஐந்நூறில் ஒன்று

மரங்களுக்குப் பஞ்சு.
பாத்திரம் துலக்கும் பச்சைப் பஞ்சைப்
பிய்த்துப் பிய்த்து ஊசியில் குத்தி நடுவேன்.
"நாற்பது போதும், தவனேஸ்" என்பார் முதலாளி கோ.
நாற்பத்து மூன்று நட்டேன்.
மூன்று என் செலவு.

அளவு, ஐந்நூறில் ஒன்று.
ஆள் மூன்று மில்லிமீட்டர் உயரம்.
முகம் கிடையாது, வாடகை பாக்கி கிடையாது,
இடுக்கியில் தூக்கி எங்கே ஒட்டினாலும்
அங்கேயே நிற்பான்.

பிறையில், கையுறை ஆலை இருந்த நிலம்.
ஆலை மூடிய பிறகு எட்டு வருடம்
லாலான் புல்லும் தெருநாய்களும் ஆண்டன.
இனி மூன்று பிளாக்,
முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு.
ஜன்னல்களை ஊசிமுனையால் கீறிக்கொண்டே போனதில்
எண்ணிக்கை தவறி
ஒரு மாடியில் ஒன்று கூடிப்போனது.
மலிவு விலை என்று பலகையில் போடச் சொன்னார்கள்.
எழுத்தை வெட்டி ஒட்டியதும் நான்தான்.
'மலிவு' கொஞ்சம் கோணலாக வந்தது,
சரிசெய்ய நேரமில்லை.
வங்கிக்காரி என்னிடம் கேட்டது
மூன்று மாதச் சம்பளச் சீட்டு.
என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார்;
கூலியைத் தவுக்கே கையில் எண்ணிக் கொடுப்பார்,
சீட்டு தருவதில்லை.

இரண்டாம் திருத்தத்தில் சிவப்பு மையில் ஒரு வரி:
கார் நிறுத்த இன்னும் பதினாறு இடம்.
நீளம் நாற்பது, அகலம் இருபத்தைந்து மில்லிமீட்டர்,
விளையாட்டுத் திடலைப் பிளேடால் கீறி எடுத்தேன்.
குப்பையில் போடக் கை வரவில்லை.
ஊஞ்சலோடு டிபன் டப்பாவில் வைத்து
டயர் கடை மாடியில் எங்கள் வாடகை அறைக்குக்
கொண்டுபோனேன்.
மகள் அதில் ஓர் எறும்பை உட்கார வைக்கப் பார்த்தாள்.
எறும்பு சம்மதிக்கவில்லை.

கண்காட்சி பதினான்கு நாள்.
கழகத்து அதிகாரி ஸுல்ஹில்மி, சளைக்காமல்,
வடிகால், பஸ் நிறுத்தம், காற்றோட்டம் என்று
சிவப்பு ஒளிப்புள்ளியை ஓட்டிக் காட்டினார்.
பக்கத்துத் தாமானில் சொந்த வீடு உள்ளவர்
எங்கள் தெருவில் நெரிசல் வரும் என்றார், மூன்று முறை.
ரோஸ்னா அக்கா
கெண்டூரிக்குக் கூடாரம் எங்கே போடுவது என்றாள்.
சகாயமேரி கடைசி வரை கையைத் தூக்கியபடியே இருந்தாள்.
அவளுக்கு ஒரே கேள்வி:
"லிஃப்டில் சவப்பெட்டி படுத்து இறங்குமா,
நிறுத்தித்தான் இறக்கணுமா?
போன வருஷம் எங்க பிளாட்ல எட்டு மாடி
தோள்ல தூக்குனாங்க.
திருப்பத்துக்குத் திருப்பம் முட்டிச்சு."
ஒளிப்புள்ளி கொஞ்ச நேரம்
என் பஞ்சு மரம் ஒன்றில் நின்றது.
அளந்து சொல்கிறேன் என்றார் அவர்.
எழுதியும் வைத்துக்கொண்டார்.

ஒரு விஷயம் யாருக்கும் சொல்லவில்லை.
சி பிளாக், ஒன்பதாம் மாடி, ஓரத்து வீட்டில்
தையல் நூலில் ஒரு கொடி கட்டி,
கிழித்த காகிதத்தில்
நான்கு துணி காயப் போட்டிருந்தேன்.
கட்டுமான நிறுவனத்தார் கண்டுபிடித்துவிட்டார்:
அழகு கெடுகிறது, எடுத்துவிடுங்கள்.
கண்ணாடிப் பெட்டியைத் திருகி மூடியாகிவிட்டது,
திருப்புளி பட்டர்வொர்த்தில் இருக்கிறது என்றேன்.
திருப்புளி என் பையில் இருந்தது.

சாயங்காலம் கண்ணாடி துடைப்பதும் என் வேலை.
விரல் ரேகைகள் அங்கங்கே கிடக்கும்,
ஒன்பதாம் மாடிக்கு நேரே மட்டும்
அப்பிக்கொண்டு.

கடைசி நாள் நானும் ஒரு கருத்துப் படிவம் வாங்கினேன்.
பெயர், அடையாள அட்டை எண்.
காத்திருப்போர் பட்டியலில் எண்
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தேழு.
ஆட்சேபம் உண்டா என்ற கட்டத்தில்:
விளையாட்டுத் திடல் என் வீட்டு ஐஸ்பெட்டி மேல் இருக்கிறது.
ஊஞ்சலில் ஒரு பக்கம் பசை விட்டிருக்கிறது,
ஒட்டிவிடலாம்.
சொன்னால் கொண்டு வருகிறேன்.